டூடனா, கிரிம்மா, ஆக்ஸ்ஃபோர்டா? ஜெர்மன், ஆங்கில அகராதிகளும் கலைக்களஞ்சியங்களும்: எவருக்கு எது பொருந்தும்

ஜெர்மன் கற்கத் தொடங்கியவர்களும், ஜெர்மனிலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ தமிழாக்கம் செய்பவர்களும், சிறு நூலகங்களைக் கவனித்துக்கொள்பவர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கின்றன. டூடன் என்ற ஜெர்மன் அகராதியை வாங்குவதா, இலவசமாகக் கிடைக்கும் கிரிம் சகோதரர்களின் அகராதி போதுமா? ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதிக்குச் சந்தா கட்டுவதா, அமெரிக்க அகராதியான வெப்ஸ்டரே போதுமா? பழைய புத்தகக் கடையில் பிரிட்டானிக்கா முழு வரிசையும் மலிவாகக் கிடைக்கிறதே, எடுத்து வைக்கலாமா?

இந்தக் கேள்விகளில் உள்ள சிக்கல், வேறு வேறு வேலைக்கு ஆக்கப்பட்ட நூல்களை ஒரே தராசில் வைப்பதுதான். டூடன் வரிசையின் முதல் தொகுதி எழுதுகிறவருக்கானது. கிரிம் அகராதி படிக்கிறவருக்கானது. ஜெர்மனில் இந்த இரண்டு வேலைகளும் வரலாற்றுக் காரணங்களால் தனித்தனி நூல்களாகப் பிரிந்துபோயின. ஆங்கிலத்தில் அப்படி ஒரு பிரிவினை நேரவில்லை. அங்கே எழுத்துக்கூட்டலும் பொருளும் வரலாறும் ஒரே அட்டைக்குள் வருவது வழக்கம். ஆங்கில அகராதிகளோடு பழகிய நம்மவர்கள், டூடனும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி வாங்கிவிட்டு ஏமாறுவது இதனால்தான்.

## முதலில் அளவுகோல்கள்

நூலின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால், நம் கையில் இருக்கும் கேள்வி எது என்று பார்க்க வேண்டும். 'இப்படி எழுதுவது சரியா?' என்பது ஒரு கேள்வி. 'இந்த வாக்கியத்தில் இச்சொல்லுக்கு என்ன பொருள்?' என்பது இன்னொன்று. 'இது எப்போது, எங்கிருந்து மொழிக்குள் வந்தது?' என்பது மூன்றாவது. 'இந்த ஊர் எது, இந்த மனிதர் யார், இந்தக் கருவி எப்படி இயங்குகிறது?' என்பது அகராதியின் எல்லையைத் தாண்டிக் கலைக்களஞ்சியத்திடம் கேட்க வேண்டியது. நான்கிற்கும் நன்றாக விடைசொல்லும் ஒரே நூல் இரு மொழியிலும் இல்லை.

அடுத்தது, நூலின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பது. ஜெர்மன் எழுத்துமுறைக்கு அரசுகள் ஏற்றுக்கொண்ட விதித்தொகுப்பு இருக்கிறது; பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் அதுவே அளவு. ஆங்கிலத்திற்கு அப்படி எந்த அவையும் இல்லை. ஆங்கில அகராதி ஒன்று 'சரி' என்று சொன்னால், படித்தவர்கள் அப்படி எழுதுகிறார்கள் என்பதே அதன் பொருள்.

மூன்றாவது, விளக்கம் எழுதப்பட்ட காலம். அட்டையில் அச்சான ஆண்டு வேறு, உள்ளே இருக்கும் விளக்கத்தின் வயது வேறு. நான்காவது, ஒரு சொல்லின் பல பொருள்களை எந்த வரிசையில் தருகிறார்கள் என்பது. கற்பவரைத் தடுமாற வைப்பதில் இதற்கு நிகரானது வேறில்லை. ஐந்தாவது, விலைப்பட்டியலில் வராத செலவுகள்: அலமாரி இடம், பழைய அச்செழுத்தைப் படிக்கப் பழகும் நேரம், ஆண்டுதோறும் கட்டும் சந்தா, ஒரு நாள் காலையில் காணாமல் போய்விடும் இணையதளம்.

தலைச்சொற்களின், அதாவது அகராதியில் தனிப் பதிவாக வரும் சொற்களின், எண்ணிக்கையை நான் வேண்டுமென்றே அளவுகோலாகச் சேர்க்கவில்லை. 2024-இல் வந்த டூடனின் 29-ஆம் பதிப்பில் 151,000 தலைச்சொற்கள். 1989-இன் ஆக்ஸ்ஃபோர்டு இரண்டாம் பதிப்பில் 291,500 பதிவுகள். இதை வைத்து ஜெர்மனில் சொல்வளம் குறைவு என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. ஜெர்மன் பெயர்ச்சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் புதுச்சொல்லாகிக்கொண்டே போகும். அவற்றில் எதைத் தலைச்சொல்லாக்குவது என்பது ஆசிரியர் குழுவின் முடிவு. அகராதியில் இல்லாத கூட்டுச்சொல்லை எங்கே பிரிப்பது என்று தெரிந்துகொள்வதே அந்த மொழியில் பாதிப் பயிற்சி.

| நூல் | எந்தக் கேள்விக்கு | உள்ளே இருக்கும் காலம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| டூடன், முதல் தொகுதி | எழுத்துமுறை | இன்றையது | பொருள் விளக்கம் மிகக் குறைவு |
| கிரிம் அகராதி | சொல் வரலாறு, பழைய இலக்கியம் | 1852 முதல் 1961 வரை | பழைய எழுத்துமுறை, லத்தீன் விளக்கங்கள் |
| டி.டபிள்யூ.டி.எஸ். (ஜெர்மன் மின்னகராதி) | பொருள், பயன்பாடு, சொற்பிறப்பு | 1960-கள் முதல் இன்று வரை | முழுக்க ஜெர்மனில். சில பதிவுகளில் பழைய நிறம் |
| ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி | சொல் வரலாறு | கலவை | சந்தா; பொருள்கள் வரலாற்று வரிசையில் |
| மெரியம்-வெப்ஸ்டர் | அமெரிக்கப் பொருள், எழுத்துக்கூட்டல் | இன்றையது | 'வெப்ஸ்டர்' என்ற பெயரில் போலிகள் |
| கற்போர் அகராதிகள் | பயன்பாடு, வாக்கிய அமைப்பு | இன்றையது | அரிய, பழைய சொற்கள் கிடையா |
| பிராக்ஹவுஸ் (ஜெர்மன் கலைக்களஞ்சியம்) | சுருக்கமான தகவல் | அச்சில் 2006 வரை | இணையத்தில் சந்தா |
| பிரிட்டானிக்கா | நீண்ட கட்டுரை | அச்சில் 2010 வரை | இடம், எடை |

## டூடன்

கொன்றாட் டூடன் என்ற பள்ளித் தலைமையாசிரியர் 1880-இல் லைப்சிக் நகரில் வெளியிட்ட எழுத்துமுறை அகராதியில் ஏறத்தாழ 27,000 சொற்கள் இருந்தன. ஜெர்மன் நாடுகள் அரசியலில் ஒன்றுபட்டு ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்த அந்தக் காலத்தில், ஒரே சொல்லைப் பள்ளிக்குப் பள்ளி வேறு வேறாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழப்பத்துக்குப் பிறந்த நூல் அது. இன்றும் அதன் முதல் தொகுதியின் வேலை அதுவேதான். சொல்லை எப்படி எழுதுவது, எங்கே வெட்டுவது, பெயர்ச்சொல்லின் பால் எது, பன்மை எப்படி வரும் என்பவற்றைத் துல்லியமாகச் சொல்லும். பொருளைக் கடினமான சொற்களுக்கு மட்டும் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகும்.

இதன் அதிகாரத்திற்கு ஒரு தனிக்கதை உண்டு. 1955-இல் மேற்கு ஜெர்மனியின் மாநிலக் கல்வி அமைச்சர்கள், ஐயம் வந்தால் டூடன் சொல்வதே முடிவு என்று அறிவித்தார்கள். தனியார் பதிப்பகத்தின் நூல் ஒன்று இவ்வாறு நாட்டின் எழுத்துச் சட்டமாக இருந்துவந்த நிலை 1996-இன் எழுத்துச் சீர்திருத்தத்தோடு முடிந்தது. 2004-இல் ஜெர்மன் எழுத்துமுறைக்கான அவை அமைக்கப்பட்டது. 2006-இல் விதிகள் மீண்டும் திருத்தப்பட்டன. ஒரு சொல்லை இருவகையாக எழுத விதி இடம்தரும் இடங்களில், 2006 பதிப்பிலிருந்து டூடன் தன் பரிந்துரையை மஞ்சள் நிறத்தில் காட்டுகிறது. அந்த மஞ்சள் ஆசிரியர் குழுவின் விருப்பம் மட்டுமே. மற்ற வடிவத்தை எழுதினால் பிழை ஆகாது. இதை அறியாமல் மாணவரின் தாளில் சிவப்பு மை பூசும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

வாங்குபவர் அறிய வேண்டிய முதல் செய்தி, டூடன் என்பது ஒரு நூல் அல்ல, பன்னிரண்டு தொகுதிகள் கொண்ட வரிசை என்பது. நான்காவது இலக்கணம், ஐந்தாவது அயற்சொற்கள், ஏழாவது சொற்பிறப்பு, ஒன்பதாவது மொழிப் பயன்பாட்டில் வரும் ஐயங்கள், பதினொன்றாவது மரபுத்தொடர்கள். பொருள் தேடுபவர் மஞ்சள் அட்டையின் முதல் தொகுதியை வாங்கினால் பணம் வீண். அவருக்கு வேண்டியது 1983 முதல் ஒரே தொகுதியாக வந்துகொண்டிருக்கும் டூடன் பொது அகராதி. என்னைக் கேட்டால், மொழிபெயர்ப்பாளருக்கு முதல் தொகுதியைவிட ஒன்பதாவது தொகுதி அதிகம் உதவும்; ஜெர்மானியர்களே தடுமாறும் இடங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

பழைய பிரதி மலிவாகக் கிடைக்கிறது என்று 1996-க்கு முந்தைய முதல் தொகுதியை வாங்குவது கூடவே கூடாது. அதிலுள்ள எழுத்துமுறை இன்றைய தேர்வில் பிழையாகக் கொள்ளப்படும். வியன்னாவுக்கோ சூரிக்குக்கோ போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: ஆஸ்திரியாவுக்கு 1951 முதல் தனி அரசு அகராதி இருக்கிறது, சுவிட்சர்லாந்தில் 'எஸ்செட்' (ß) என்ற எழுத்தே வழக்கில் இல்லை.

## கிரிம் சகோதரர்களின் அகராதி

தேவதைக் கதைகளைத் தொகுத்த அதே யாக்கோப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம் இருவரும்தான் இதைத் தொடங்கினார்கள். ஹனோவர் மன்னர் அரசியல் சட்டத்தை நீக்கியதை எதிர்த்ததற்காக 1837-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட ஏழு பேராசிரியர்களில் இவர்கள் இருவர். வேலையிழந்த அறிஞர்களுக்கு ஒரு பதிப்பாளர் கொடுத்த பணி இது. 1838-இல் தொடங்கி 1852-இல் முதல் பகுதி வெளிவந்தது. வில்ஹெல்ம் 'டி' (D) எழுத்தை முடித்துவிட்டு 1859-இல் இறந்தார். யாக்கோப் 1863-இல் இறந்தபோது 'கனி' என்று பொருள்படும் 'ஃப்ருக்ட்' என்ற சொல்லில் வேலை நின்றிருந்தது. பிறகு பல தலைமுறை அறிஞர்கள் கைமாற்றிக் கைமாற்றி, நாடு இரண்டாகப் பிளந்த பின்னும் கிழக்கும் மேற்குமாகச் சேர்ந்து வேலை செய்து, 1961 ஜனவரியில் கடைசிப் பகுதியை வெளியிட்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது.

மொத்தம் 32 தொகுதிகள். 1971-இல் மேற்கோள் மூலங்களின் தொகுதி ஒன்று சேர்ந்தது. ஏறத்தாழ 320,000 தலைச்சொற்கள். லூத்தர் முதல் கோதே வரையிலான இலக்கியத்திலிருந்து எடுத்த மேற்கோள்களே இதன் உயிர். மாலை வேளையில் தந்தை பிள்ளைகளோடு உட்கார்ந்து இதிலிருந்து சில சொற்களை எடுத்துப் பேச வேண்டும் என்று முன்னுரையில் யாக்கோப் ஆசைப்பட்டார். இன்றைக்கு அப்படி உட்காருகிற குடும்பத்தை முதல் பக்கத்திலேயே அவருடைய நடை விரட்டிவிடும் என்பதுதான் வேடிக்கை: பல சொற்களுக்கு விளக்கத்தை அவர் லத்தீனில் எழுதியிருக்கிறார்.

இந்நூலின் மறைமுகச் செலவு இங்கேதான். ஜெர்மனில் பெயர்ச்சொற்களைப் பெரிய எழுத்தில் தொடங்கும் வழக்கத்தை யாக்கோப் வெறுத்ததால், அகராதி முழுவதும் சிறிய எழுத்தே. 'எஸ்செட்' எழுத்துக்குப் பதிலாக 'எஸ்', 'இசட்' இரண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். இன்று வெறும் 'டி'யில் (T) தொடங்கும் 'டூன்' (செய்தல்), 'டைல்' (பகுதி) போன்ற சொற்கள் அன்றைய முறைப்படி 'டி'க்குப் பின் ஓர் 'எச்' சேர்த்து அச்சாகியுள்ளன. மேலும், முதல் எழுத்துகளுக்கும் கடைசி எழுத்துகளுக்கும் இடையே நூறாண்டு இடைவெளி இருப்பதால், 'ஏ'யில் ஒரு சொல்லுக்குக் கிடைக்கும் விளக்கமும் 'இசட்'டில் ஒரு சொல்லுக்குக் கிடைக்கும் விளக்கமும் இருவேறு அறிவியல் காலங்களைச் சேர்ந்தவை. முதல் எழுத்துகளுக்கு மட்டும், 'ஏ' முதல் 'எஃப்' வரை, தனியே ஒரு புதிய திருத்தம் 2016-இல் நிறைவுற்றது.

டிரியர் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் முழு அகராதியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே 1984-இல் வந்த 33 தொகுதி மெலிந்த அட்டைப் பதிப்பைத் தேடி அலைவது, அலமாரியின் அழகுக்காக என்றால் சரி. கோதேயையோ ஷில்லரையோ மூலத்தில் படிப்பவருக்கு கிரிம்முக்கு மாற்று இல்லை. இன்றைய செய்தித்தாளைப் படிப்பவர் அதைத் திறக்கவே தேவையில்லை.

## டி.டபிள்யூ.டி.எஸ்.: இடையில் நிற்கும் மூன்றாவது வழி

டூடனா கிரிம்மா என்று கேட்பவர்களுக்கு நான் பெரும்பாலும் சொல்வது, இரண்டும் வேண்டாம், பெர்லின்-பிராண்டன்பர்க் அறிவியல் கழகத்தின் இந்த மின்னகராதியைப் பாருங்கள் என்பதுதான். இலவசம், இன்றைய பொருள், நாளிதழ்களிலிருந்தும் இலக்கியத்திலிருந்தும் மேற்கோள்கள், ஒரு சொல்லின் புழக்கம் நூற்றாண்டுகளில் ஏறி இறங்கியதைக் காட்டும் கோடு, வோல்ஃப்காங் பைஃபர் தலைமையில் 1989-இல் வந்த சொற்பிறப்பு அகராதியும் உள்ளேயே இருக்கிறது.

இதன் அடித்தளத்தை மட்டும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கிழக்கு பெர்லினில் ரூத் கிளாப்பன்பாக்கும் வோல்ஃப்காங் ஸ்டைனிட்ஸும் தொகுத்து 1977-இல் ஆறு தொகுதிகளாக நிறைவுற்ற அகராதியிலிருந்து இது வளர்ந்தது. அதன் நான்காம் தொகுதி முதல் விளக்கங்களை மார்க்சிய-லெனினிய நோக்கில் எழுதுவதாக ஆசிரியர்களே அறிவித்திருந்தார்கள். பெரும்பகுதி திருத்தப்பட்டுவிட்டாலும், அரசியல், பொருளாதாரச் சொற்களுக்கு விளக்கம் பார்க்கும்போது பதிவின் கீழே அது எந்த மூலத்திலிருந்து வந்தது என்ற குறிப்பைப் பார்த்துவிடுவது நல்லது.

தொடக்க நிலையில் இருப்பவருக்கு இது பாரம்தான். 'இஹ் ரூஃபெ டிஹ் மோர்கன் ஆன்' (நாளை உன்னைத் தொலைபேசியில் அழைக்கிறேன்) என்ற வாக்கியத்தில் கடைசியில் தனித்து நிற்கும் 'ஆன்' வினையின் தலையில் ஒட்ட வேண்டியது என்று தெரிந்தால்தான் 'ஆன்ரூஃபென்' என்று தேட முடியும். அவருக்கு 1993-இல் முதலில் வந்த லாங்கென்ஷைட்டின் கற்போர் அகராதி போன்ற ஒன்றே சரி.

## ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி

லண்டன் மொழியியல் கழகம் 1857-இல் முடிவெடுத்து, ஜேம்ஸ் மரே 1879-இல் பொறுப்பேற்று, 1884-இல் முதல் பகுதி வந்து, 1928-இல் முடிந்த பணி இது. பொதுமக்கள் நூல்களைப் படித்து, சொற்களை மேற்கோளோடு தாளில் எழுதி அஞ்சலில் அனுப்பினார்கள். 1989-இன் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகள், ஏறத்தாழ 24 லட்சம் மேற்கோள்கள். மூன்றாவது திருத்தம் 2000 மார்ச்சில் இணையத்தில் தொடங்கியபோது, 'ஏ'யில் தொடங்காமல் 'எம்' எழுத்திலிருந்து தொடங்கினார்கள். அந்த முதல் தவணையின் கடைசிச் சொல் 'மஹூரத்', நம் முகூர்த்தம்தான்.

இதில் ஒரு சொல்லின் பொருள்கள் தோன்றிய கால வரிசையில் நிற்கின்றன. 'நைஸ்' என்ற சொல்லைப் பார்த்தால் முதலில் கிடைப்பது 'அறிவற்ற' என்ற வழக்கொழிந்த பொருள். லத்தீனில் 'அறியாத' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அது. முதல் பொருளே முதன்மையான பொருள் என்று எண்ணிப் பழகியவர் இங்கே வழுக்கி விழுவார். வரலாறு தேடுபவருக்கோ இதுவே விருந்து. 'கட்டுமரம்' ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆன வழியை 1697-இல் வெளியான வில்லியம் டாம்பியரின் பயண நூல் மேற்கோளோடு காட்டுகிறது. மிளகுத்தண்ணீர், சுருட்டு போன்ற தமிழ்ச்சொற்களுக்கும் அங்கே இடமுண்டு. 2017-இல் சேர்ந்த இந்தியச் சொற்களில் 'அண்ணா'வும் ஒன்று.

இணையப் பதிப்புக்கு ஆண்டுச் சந்தா. தனி ஆளுக்கு அது கனமான தொகை. பல்கலைக்கழக நூலக உறுப்பினர்கள் முதலில் தங்கள் நூலகத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் பல ஊர்ப் பொதுநூலக அட்டையே இதைத் திறக்கும். அச்சுப் பிரதி வாங்க விரும்புவோருக்கு, பக்கங்களைச் சுருக்கி அச்சிட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியோடு விற்ற 1971-இன் இரு தொகுதிப் பதிப்பு பழைய புத்தகச் சந்தையில் தென்படும். அது 1928-இன் மூலமும் 1933-இன் இணைப்பும் மட்டுமே என்பதை மறந்துவிடக் கூடாது. கணினியும் தொலைக்காட்சியும் வீட்டுக்குள் வந்த பிறகு பிறந்த சொற்களை அதில் தேடுவது வீண்.

## வெப்ஸ்டர்

நோவா வெப்ஸ்டர் 1828-இல் வெளியிட்ட அமெரிக்க அகராதியில் 70,000 சொற்கள். அவர் இறந்த பிறகு 1843-இல் மெரியம் சகோதரர்கள் உரிமையை வாங்கினார்கள். இன்றைய மெரியம்-வெப்ஸ்டர் அந்த வழியில் வந்தது. 1964 முதல் பிரிட்டானிக்கா நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஆனால் 'வெப்ஸ்டர்' என்ற பெயர் அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளக்கூடிய பொதுப்பெயராகிவிட்டது. நடைபாதைக் கடையில் தடித்த அட்டையோடு கிடக்கும் 'வெப்ஸ்டர்' அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அட்டையில் 'மெரியம்' இருக்கிறதா என்று பார்ப்பதே ஒரே சோதனை. டூடன் என்ற பெயருக்கு இந்தக் கதி நேரவில்லை. அது இன்றும் ஒரே பதிப்பகத்தின் வணிகப்பெயர்.

1961-இன் மூன்றாம் பெரும்பதிப்பு, எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல் மக்கள் எப்படிப் பேசுகிறார்களோ அப்படிப் பதிவு செய்ததற்காக அமெரிக்க நாளிதழ்களில் கடுமையாகத் தாக்கப்பட்டது. ஆங்கிலத்தில் எழுத்துக்குக் காவலர் இல்லை என்றாலும், காவலர் வேண்டும் என்று ஏங்குகிறவர்கள் எப்போதும் உண்டு. அதற்கு முந்தைய 1934-இன் இரண்டாம் பெரும்பதிப்பில் 'டோர்ட்' என்று, 'அடர்த்தி' என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. 'பெரிய டி அல்லது சிறிய டி' (D or d) என்ற சுருக்கக்குறிப்புத் தாள் தவறுதலாகச் சொற்குவியலில் கலந்து பிறந்த பேய்ச்சொல் அது, 1939-இல்தான் கண்டுபிடித்தார்கள். அகராதியில் இருக்கிறது என்பதாலேயே ஒரு சொல் மொழியில் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பவருக்கும், அமெரிக்கப் பதிப்பகத்துக்கு எழுதுபவருக்கும் மெரியம்-வெப்ஸ்டர் போதும். அதன் இலவச இணையப் பகுதியே பெரும்பாலான தேவைகளைத் தீர்க்கும்.

## ஆங்கிலக் கற்போர் அகராதிகள்

நம் வீடுகளில் உண்மையில் பயன்படுவது இவைதான்; பெரிய அகராதிகளைப் பற்றிப் பேசும்போது இவற்றைக் கீழாகப் பார்ப்பது தவறு. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி, அங்கே 1942-இல் வெளியிட்ட அகராதியை ஆக்ஸ்ஃபோர்டு 1948-இல் எடுத்துப் பதிப்பித்தது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதியின் வேர் அதுவே. 1978-இன் லாங்மன், எல்லாச் சொல்லையும் ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே விளக்க வேண்டும் என்று தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டது. பர்மிங்ஹாமில் ஜான் சின்க்ளேர் தலைமையில் 1987-இல் வந்த கோபில்டு, விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது. எழுதக் கற்பவருக்கு லாங்மனும், சொல் வாக்கியத்தில் எப்படி உட்காருகிறது என்று பார்க்க விரும்புபவருக்கு கோபில்டும் என் பரிந்துரை.

இலவச இணைய அகராதியை மட்டுமே நம்புவதில் ஓர் ஆபத்து உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் இலவசத் தளமாக இருந்த லெக்சிகோ 2022-இல் மூடப்பட்டது. அச்சை விட்டு முழுக்க இணையத்துக்கு மாறியிருந்த மேக்மில்லன் அகராதி 2023-இல் மூடப்பட்டது. கையில் ஓர் அச்சுப் பிரதியும் இருக்கட்டும் என்று நான் சொல்வது பழமைப் பற்றினால் அல்ல.

## பிராக்ஹவுஸும் மையரும்

ஃபிரீட்ரிஹ் ஆர்னால்ட் பிராக்ஹவுஸ் 1808-இல் ஒரு பாதி முடிந்த கலைக்களஞ்சியத்தை விலைக்கு வாங்கி, அதை ஜெர்மன் நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறை அடையாளமாக மாற்றினார். 'உரையாடல் அகராதி' என்பதே அதன் முதல் பெயர். படித்தவர்களின் உரையாடலில் தலைகுனியாமல் இருக்க உதவுவது நோக்கம். ஆகவே கட்டுரைகள் குறுகியவை, தலைப்புகள் மிகுதி. இந்த அமைப்பு இருநூறு ஆண்டுகள் மாறவில்லை: 2005-06-இல் வந்த 21-ஆம் பதிப்பின் 30 தொகுதிகளில் ஏறத்தாழ 300,000 தலைப்புகள். அதுவே கடைசி அச்சு. பிறகு நிறுவனம் கைமாறியது. 2015-இல் சுவீடனின் தேசியக் கலைக்களஞ்சிய நிறுவனம் வாங்கிக்கொண்டது. இன்று பள்ளிகளும் நூலகங்களும் சந்தா கட்டிப் பார்க்கும் இணையச் சேவையாக இருக்கிறது.

இதன் போட்டியாளரான மையரின் 1902-08 பதிப்பு 20 தொகுதிகள், இணையத்தில் இலவசம். முதல் உலகப்போருக்கு முந்தைய ஐரோப்பாவைப் பற்றி மொழிபெயர்ப்பவருக்கு இது புதையல்: அன்றைய ஊர்ப்பெயர், ரயில் பாதை, நாணயம், தொழிற்சாலை எல்லாம் அன்றைய கண்ணோட்டத்திலேயே கிடைக்கும். மூல அச்சு பழைய கோத்திக் எழுத்தில் இருக்கிறது. பழக இரண்டு வாரம் ஆகும்.

## பிரிட்டானிக்கா

எடின்பரோவில் 1768 முதல் 1771 வரை மூன்று தொகுதிகளாகத் தொடங்கிய இந்நூலின் மரபு பிராக்ஹவுஸுக்கு நேர் எதிரானது: தலைப்புகள் குறைவு, கட்டுரைகள் நூல்போல் நீளம். ஒன்பதாம் பதிப்பில் 'அணு' பற்றி எழுதியவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். 1926-இன் 13-ஆம் பதிப்பில் 'வெளி-காலம்' பற்றி எழுதியவர் ஐன்ஸ்டீன். 1974-இன் 15-ஆம் பதிப்பு, குறுங்கட்டுரைகளுக்கு ஒரு வரிசை, நெடுங்கட்டுரைகளுக்கு ஒரு வரிசை என்று இரண்டாகப் பிரித்து, இரு மரபையும் இணைக்கப் பார்த்தது. ஒரு செய்தியை எந்த வரிசையில் தேடுவது என்ற குழப்பத்தையும் கூடவே கொண்டுவந்தது. 2010-இன் 32 தொகுதிகளே கடைசி அச்சு. 1,395 டாலருக்கு விற்றார்கள். 2012 மார்ச்சில் அச்சு நிறுத்தத்தை அறிவித்தார்கள்.

பழைய வரிசை வாங்கலாமா என்ற கேள்விக்கு இதோ என் விடை. 1910-11-இன் 11-ஆம் பதிப்பு என்றால், அதன் நடைக்காகவும், உலகப்போருக்கு முந்தைய ஆங்கிலேய மனத்தை அறியவும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பதிப்புரிமை தீர்ந்து இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பிற இனத்தவரைப் பற்றி அது சொல்பவற்றைப் பிள்ளைகள் கையில் அப்படியே கொடுக்கவும் முடியாது. 1980, 90-களின் பதிப்புகளை வாங்க வேண்டாம். அவை தகவலுக்குப் பழையவை, வரலாற்று ஆவணமாவதற்கு இன்னும் இளையவை. ஈரப்பதம் மிகுந்த நம் ஊர்களில் அந்தத் தாளைக் காப்பாற்றும் செலவே நூலின் விலையைத் தாண்டும்.

## விக்கிப்பீடியா இருக்கும்போது

2005-இல் 'நேச்சர்' இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை ஒப்பிட்டபோது, விக்கிப்பீடியாவில் 162 பிழைகளும் பிரிட்டானிக்காவில் 123 பிழைகளும் கண்டது. பிரிட்டானிக்கா அந்த ஆய்வைக் கடுமையாக மறுத்தது. 2007-இல் 'ஸ்டெர்ன்' வார இதழ் நடத்திய ஒப்பீட்டில் 50 தலைப்புகளில் 43-இல் ஜெர்மன் விக்கிப்பீடியா பிராக்ஹவுஸின் இணையப் பதிப்பை முந்தியது. இரு விக்கிப்பீடியாக்களும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். புதியவர் செய்யும் திருத்தத்தை ஜெர்மன் பதிப்பு 2008 முதல், அனுபவமுள்ள ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே வாசகருக்குக் காட்டுகிறது. ஆங்கிலப் பதிப்பில் பெரும்பாலான திருத்தங்கள் உடனே தோன்றிவிடும். எனவே அண்மைச் செய்திக்கு ஆங்கிலப் பதிப்பும், விஷமத் திருத்தங்களிலிருந்து ஓரளவு பாதுகாப்புக்கு ஜெர்மன் பதிப்பும் பொருந்தும். கட்டுரை எழுதியவர் யார் என்று பெயர் சுட்ட வேண்டிய இடத்தில், பள்ளிக்கும் ஆய்வேட்டுக்கும், சந்தா கட்டும் கலைக்களஞ்சியமே கைகொடுக்கும்.

## பணம் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை

இருமொழி அகராதி வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும். ஜெர்மனுக்கு 'ஸே', 'பாங்க்' என்ற இரு சொற்களைத் தேடிப் பாருங்கள். 'ஸே' ஆண்பாலில் ஏரி, பெண்பாலில் கடல். 'பாங்க்' உட்காரும் பலகை என்றால் பன்மை 'பெங்கெ', பணம் போடும் வங்கி என்றால் பன்மை 'பாங்கென்'. இவற்றைத் தனித்தனிப் பதிவாகப் பிரித்து, பாலையும் பன்மையையும் பக்கத்திலேயே காட்டாத அகராதியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஆங்கிலத்துக்கு 'டேபிள்' என்ற சொல்லை வினையாகத் தேடுங்கள். ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்வது என்றால் பிரிட்டனிலும் இந்தியாவிலும் அதை அவை முன் வைப்பது. அமெரிக்காவில் அதைப் பேசாமல் ஒத்திவைப்பது. இரண்டையும் நாடு சுட்டிச் சொல்லாத அகராதியை வைத்துக்கொண்டு ஓர் ஒப்பந்தத்தையோ கூட்டக் குறிப்பையோ மொழிபெயர்க்க உட்கார வேண்டாம்.